சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டாம்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 27 வயது. கருங்கல் பக்கம் ஊர். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சேர்ந்து 4 வருடம் 8 மாதம் ஆகிறது. மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய், அதில் பேசிக் 10,000. சேரும்போது மூன்று வருடத்துக்குப் பாண்டு எழுதி வாங்கினார்கள். அது முடிந்துவிட்டது. ஆனால் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் 'இரண்டு மாத நோட்டீஸ் அல்லது அதற்குரிய சம்பளம்' என்று போட்டிருக்கிறது. இப்போது சவுதியில் ஒரு மருத்துவமனைக்கு இன்டர்வியூவில் செலக்ட் ஆகியிருக்கிறேன். மூன்று வாரத்தில் விசா வந்துவிடும், இப்போதே ரிசைன் பண்ணிவிடு என்று ஏஜென்சியில் சொல்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா, 'நோட்டீஸ் எல்லாம் கொடுத்தால் இழுத்தடிப்பார்கள். அட்டஸ்டேஷன் பண்ண வேண்டும் என்று சொல்லி ஒரிஜினலை வாங்கிக்கொள், பத்து நாள் லீவு எழுதிக் கொடு, அப்படியே போய்விடு' என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்? கொடுக்காமல் போனால் கேஸ் போடுவார்களா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுக்க வேண்டியது இரண்டு மாதம். அதைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது, குறைத்துக் கேட்பதில் தப்பும் இல்லை. ஆனால் ராஜினாமாவை இன்றைக்கே எழுதாதீர்கள். லீவு சொல்லிவிட்டு மறைந்தும் போகாதீர்கள். இரண்டில் எதைச் செய்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். ஏனென்றால் மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் என்று நம் மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் நர்ஸ் பிள்ளைகள் இதே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். பாதிப் பேர் வேலையை விட்ட பிறகுதான் வருகிறார்கள்.

வேலையை விடுகிறவர் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான ஒரே சட்டம் கிடையாது. நம் தொழிலாளர் சட்டங்கள் பெரும்பாலும் முதலாளி ஒருவரை நிறுத்தும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் பேசுகின்றன. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குரிய சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது என்கிறது அதன் 41ஆம் பிரிவு. செம்மாங்குடி ரோட்டில் துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்தப் பெண் தானாக விலகினால் எத்தனை நாள் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. தொழிற்சாலைகளுக்கான மாதிரி நிலையாணைகளில் (வேலை நிபந்தனைகளுக்கு அரசு வகுத்த மாதிரி விதிகள்) மட்டும், மாதச் சம்பளக்காரர் என்றால் ஒரு மாதம், மற்றவர்களுக்கு இரண்டு வாரம் என்று இரு தரப்புக்கும் பொதுவாக எழுதியிருக்கிறது. மற்றபடி, நீங்கள் கையெழுத்துப் போட்ட அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்தான் உங்களுக்குச் சட்டம். அதில் இரண்டு மாதம் என்றால் இரண்டு மாதம்.

அந்த ஆர்டரை இன்றைக்கு ஒரு தடவை முழுசாகப் படித்துப் பாருங்கள். சேருகிற நாளில் சந்தோஷத்தில் யாரும் படிப்பதில்லை, பீரோவில் துணிக்கு அடியில் போய்விடுகிறது. மூன்று விஷயத்தைத் தேட வேண்டும். நோட்டீஸுக்குப் பதிலாகச் சம்பளம் கட்டலாம் என்பது உங்கள் விருப்பமா, 'நிர்வாகம் சம்மதித்தால்' என்று ஒரு வால் இருக்கிறதா? அந்தச் சம்பளம் பேசிக்கா, மொத்தச் சம்பளமா? மிச்சமிருக்கும் லீவை நோட்டீஸ் நாளில் கழித்துக்கொள்ளலாமா? இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத்தில் இல்லை என்றால் பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மாதம் வேலை செய்து ஒரு மாதத்துக்குப் பணம் கட்டுவதாக வைத்தால், மொத்தச் சம்பளக் கணக்கில் 18,000 போகும், பேசிக் கணக்கில் 10,000 போகும். எட்டாயிரம் ரூபாய் வித்தியாசம் ஒரு வார்த்தையில் தொங்குகிறது. இன்னொன்று, நோட்டீஸ் பணத்தோடு ஜி.எஸ்.டி. 18 சதவீதமும் சேர்த்துப் பிடித்ததாகச் சிலர் வந்து சொல்கிறார்கள். அந்தப் பணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை போட்டுவிட்டது. யாராவது கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். நோட்டீஸ் கொடுக்காமல் போவது குற்றம் கிடையாது. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து உங்களைக் கூப்பிட வைக்கும் விஷயமே இல்லை இது. உங்களை மறுபடி கொண்டுவந்து அதே வார்டில் நிறுத்தவும் எந்தக் கோர்ட்டும் உத்தரவிடாது. ஒருவரின் உடல் உழைப்பையும் திறமையையும் சார்ந்த ஒப்பந்தத்தை வற்புறுத்தி நிறைவேற்ற முடியாது என்பது 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்திலேயே இருக்கிறது. அவர்களால் கேட்க முடிந்தது பணம் மட்டும்தான். அதிலும் ஆர்டரில் போட்ட தொகை என்பது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான நஷ்டஈடு என்னவோ அதுதான் கிடைக்கும் என்கிறது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவு. நடைமுறையில் முப்பத்தாறாயிரம் ரூபாய்க்காக ஒரு நர்ஸ் மேல் சிவில் வழக்கு நடத்துகிற மருத்துவமனையை நான் அதிகம் பார்த்ததில்லை. வக்கீல் நோட்டீஸ் வரும். வீட்டில் அப்பா அம்மா பயந்துபோவார்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

அப்படியென்றால் அந்த அக்கா சொன்னதுதானே சரி என்று தோன்றும். கேஸ் வராது என்பது வரைக்கும் அவர் சொன்னது சரிதான். ஆனால் உங்கள் தொழிலில் அடி விழுவது வேறு இடத்தில்.

வளைகுடா நாடுகளில் நர்ஸ் லைசென்ஸுக்கு டேட்டாஃப்ளோ என்று ஒரு சரிபார்ப்பு இருக்கிறதே, சவுதிக்காக நீங்கள் ஏற்கெனவே அதைச் செய்திருப்பீர்கள். அது எப்படி நடக்கிறது என்று மருத்துவமனையின் பக்கத்திலிருந்து பாருங்கள். எச்.ஆர். அலுவலகத்துக்கு ஒரு மெயில் வரும். இவர் உங்களிடம் வேலை செய்தாரா, எந்தப் பதவி, சேர்ந்த தேதி எது, விட்ட தேதி எது, இந்தச் சான்றிதழ் நீங்கள் கொடுத்ததுதானா என்று கேட்டிருக்கும். அங்கே இருக்கும் கிளார்க் உங்கள் ஃபைலைத் திறப்பார். உங்களைப் பணியிலிருந்து விடுவித்த ரிலீவிங் ஆர்டரின் நகல் இருந்தால் அதைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் பதில் போட்டுவிடுவார். ஃபைலில் கடைசியாக இருப்பது பத்து நாள் லீவு லெட்டரும், 'அதன்பின் பணிக்கு வரவில்லை' என்று மேட்ரன் எழுதிய குறிப்பும் என்றால்? பதில் போடாமல் கிடப்பில் போடுவார்கள், இல்லாவிட்டால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவார்கள். இரண்டுமே உங்களுக்குக் கெடுதல். இந்த ஒரு தடவை தப்பித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்து கத்தாருக்கோ துபாய்க்கோ மாறும்போது இந்த நாலரை வருட ஐ.சி.யு. அனுபவத்தைக் காட்டாமல் இருக்க முடியுமா? உங்கள் பயோடேட்டாவில் கனமானதே அதுதான். மறுபடி அதே கிளார்க்குக்குத்தான் மெயில் போகும்.

அப்புறம் நாகர்கோவில் சின்ன ஊர். இங்கே மேட்ரனாக இருப்பவர் நாளைக்கு இன்னொரு மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டாக உட்கார்ந்திருப்பார். சவுதியிலிருந்து கல்யாணத்துக்கோ குழந்தைப் பேறுக்கோ திரும்பி வந்து உள்ளூரில் வேலை தேடும் நாளும் வரலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் திடீரென்று வராமல் போனால் அன்றைக்கு இரவு உங்கள் நோயாளிகளைப் பார்க்கப்போவது நிர்வாக இயக்குநர் இல்லை. ஏற்கெனவே ஒரு டூட்டி முடித்த இன்னொரு நர்ஸ்தான் பார்ப்பார். வென்டிலேட்டரில் இருப்பவரின் பக்கத்தில் தூக்கம் கண்ணைச் சுழற்ற நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது ஏஜென்சி. 'இப்போதே ரிசைன் பண்ணிவிடு' என்று அவர்கள் சொல்வதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. விசா மூன்று வாரத்தில் வரலாம், மூன்று மாதமும் ஆகலாம். தாமதமானால் அவர்களுக்கு ஒன்றும் போகாது. இங்கே சம்பளம் நின்றுபோவது உங்களுக்கு. ஆகவே விசா வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, வேலை ஒப்பந்தம் கையில் வந்த பிறகு ராஜினாமா எழுதுங்கள். 'என் நோட்டீஸ் காலம் இரண்டு மாதம், அதைக் கணக்கில் வைத்துச் சேரும் தேதியைச் சொல்லுங்கள்' என்று ஏஜென்சிக்கு இன்றைக்கே மெயில் போடுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் போதாது, எழுத்தில் இருக்கட்டும். ஒழுங்கான மருத்துவமனை எதுவும் நோட்டீஸ் காலத்தைக் கேட்டுக் கோபப்படாது. நாளைக்கு அவர்களை விட்டுப் போகும்போதும் நீங்கள் அதே மாதிரிதான் நடந்துகொள்வீர்கள் என்று அவர்களுக்கும் தெரியும்.

ஏஜென்சியைப் பற்றி இன்னும் ஒன்று. சவுதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் மத்திய அரசின் இ-மைக்ரேட் என்ற வெளிநாட்டு வேலைப் பதிவு இணையதளம் வழியாகத்தான் போக வேண்டும் என்பது 2015 முதல் நடப்பில் உள்ள விதி. யார் வேண்டுமானாலும் நர்ஸ்களை அங்கே அனுப்பிவிட முடியாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கேரளத்தின் நோர்க்கா, ஒடெபெக் போன்ற அரசு நிறுவனங்கள் இதற்காகவே இருக்கின்றன. உங்கள் ஏஜென்சிக்கு நர்ஸ்களை அனுப்ப அனுமதி உண்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்டால், ராஜினாமாவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அந்த ஏஜென்சியைப் பற்றி யோசியுங்கள்.

அவசரப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதை நீங்கள் கவனிக்கவே இல்லை. கிராஜுவிட்டி, அதாவது பல வருடம் வேலை செய்தவர் விலகும்போது நிர்வாகம் மொத்தமாகக் கொடுக்க வேண்டிய பணிக்கொடை.

ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தால் கிராஜுவிட்டி என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அந்த வருடம் முழுசாக முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பது பலருக்குத் தெரியாது. இப்போது உங்களுக்கு ஐந்தாவது வருடத்தில் எட்டு மாதம் ஆகியிருக்கிறது. வார ஆஃபைக் கழித்து மாதம் 26 நாள் என்று கறாராகப் பார்த்தால் 208 நாள். இன்றைக்கு மறைந்துபோனால் அந்தப் பணமும் கையைவிட்டுப் போகும். மூன்று வாரம் விசாவுக்குக் காத்திருந்து, அதற்கு அப்புறம் நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் வேலை செய்தாலே ஏறக்குறைய 250 நாளைத் தொட்டுவிடுவீர்கள். இடையில் சம்பளமில்லாத லீவு எடுத்திருந்தால் அது குறையும். ஆகவே ஒரு மாதத்துக்குப் பதில் 45 நாள் வேலை செய்தால் இன்னும் பத்திரம்.

தொகை எவ்வளவு என்று கேட்பீர்கள். கடைசியாக வாங்கிய சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் போன மிச்சக் காலம் ஒரு முழு வருடம். பேசிக் 10,000 என்று மட்டும் வைத்தாலே 28,846 ரூபாய் வருகிறது. நோட்டீஸில் 15 நாள் குறைந்ததற்கு நீங்கள் கட்டப்போவது, மொத்தச் சம்பளக் கணக்கிலும்கூட, 9,000 ரூபாய்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஐந்து வருடம் முழுசாக ஆகவில்லையே' என்று சில நிர்வாகங்கள் முதலில் மறுப்பார்கள். விலகிய பிறகு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கொடுக்க வேண்டிய தொகையை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தொழிலாளர் துறையில் மனு போடலாம், வக்கீல்கூட வேண்டாம். விசா இழுத்துக்கொண்டே போய் இங்கேயே நான்கு மாதம் ஆகிவிட்டால் முழுசாக ஐந்து வருடம். அப்போது வாக்குவாதத்துக்கே இடம் இல்லை.

சரி, விசா வந்துவிட்டது. என்ன செய்வது? முதலில் மேட்ரனிடம் போய் நேரில் சொல்லுங்கள். டூட்டி மாறும் பரபரப்பில் வேண்டாம், அவர் ரவுண்ட்ஸ் முடித்து உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். டூட்டி லிஸ்ட் போடுகிறவர் அவர். வேறு யார் வாயிலிருந்தோ அவருக்குச் செய்தி போனால் அப்புறம் எதுவும் சுமுகமாக நடக்காது. அன்றைக்கே கடிதத்தையும் கொடுத்துவிடுங்கள். கடிதம் நீளமாக வேண்டாம், காரணம்கூட எழுத வேண்டியதில்லை. இப்படி இருந்தால் போதும்:

'மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரியும் நான் என் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். என் நியமன ஆணையின்படி இரண்டு மாத நோட்டீஸ் காலம் இன்றைய தேதியிலிருந்து தொடங்குகிறது. 45 நாள் பணி செய்து, மீதமுள்ள நாட்களுக்கு உரிய ஊதியத்தைச் சரிக்கட்டிக்கொண்டு, இந்தத் தேதியில் என்னை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் அசல் சான்றிதழ்களையும் அனுபவச் சான்றிதழையும் அன்றே வழங்க வேண்டுகிறேன்.'

தேதியை மட்டும் தெளிவாகப் போடுங்கள். 'கூடிய சீக்கிரம்' என்று எழுதினால் எல்லாரும் அவரவர் வசதிக்கு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் சீலும் தேதியும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மாட்டோம் என்றால் சண்டை வேண்டாம். அன்றைக்கே எச்.ஆர். மெயிலுக்கு அனுப்பிவிட்டு, ஒரு நகலைத் தபாலிலும் போடுங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் ஒப்புகை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் நாள் ஓடத் தொடங்குவது கடிதம் அவர்களிடம் சேர்ந்த தேதியிலிருந்து. 'எம்.டி. ஊரில் இல்லை, வந்த பிறகு பார்க்கலாம்' என்று சொன்னாலும் கணக்கு நிற்காது.

ஒருவேளை நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது விசாவில் ஏதாவது சிக்கல் வந்தால், ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு முன்னால் அதை எழுத்தில் திரும்பப் பெறலாம். ஏற்றுக்கொண்ட பிறகு என்றால் நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தது. நல்லபடியாகப் பேசி வைத்திருந்தால் அங்கேயும் கதவு திறந்திருக்கும்.

நாள் குறைக்கச் சொல்லிக் கேட்கும்போது பதிலுக்குக் கொடுக்க உங்களிடமும் ஏதாவது இருக்க வேண்டும். காலம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் உங்கள் நோட்டீஸ் டிசம்பரில்தான் ஓடும் போலிருக்கிறது. நம் மாவட்டத்தில் டிசம்பர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டாம். கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாவில் தொடங்கி கிறிஸ்துமஸ், புத்தாண்டு வரைக்கும் பாதி ஸ்டாஃப் லீவு கேட்டு மேட்ரன் அறை வாசலில் நிற்பார்கள். 'கிறிஸ்துமஸ் ராத்திரி நைட் டூட்டியை நான் பார்க்கிறேன், அந்த வாரக் கடைசியில் என்னை விட்டுவிடுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். பணத்தால் நகராத காரியம் இப்படி ஒரு பேச்சில் நகர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஐ.சி.யு.வில் புதிதாகப் போடப்பட்ட பெண் இருந்தால், அவரை உங்களோடு இரண்டு வாரம் ஒரே டூட்டியில் போடச் சொல்லுங்கள். கையில் ஆள் தயாராகிவிட்டால் உங்களை நிறுத்தி வைக்க அவர்களுக்கும் காரணம் இருக்காது.

கடைசி வாரத்தில் சிக் லீவு போடாதீர்கள். எமர்ஜென்சி டிராலி மருந்துக் கணக்கு, அலமாரிச் சாவி, உங்கள் பொறுப்பில் கையெழுத்துப் போட்ட ரிஜிஸ்டர்கள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, வாங்கிக்கொள்கிறவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று குறைகிறது என்று நீங்கள் போன பிறகு போன் வந்தால், அதை இல்லை என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. ஃபார்மசி, ஹாஸ்டல், மெஸ், அக்கவுன்ட்ஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் 'நோ டியூ' கையெழுத்தைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வாங்கத் தொடங்குங்கள். ஒருவர் லீவில் இருந்தாலும் அந்தத் தாள் அங்கேயே நின்றுவிடும்.

ஒரிஜினல் சர்டிபிகேட் விஷயத்தை அதிகம் பேர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அது உங்கள் சொத்து. கல்விச் சான்றிதழ் விற்று வாங்கும் சரக்கு இல்லை, அதை ஈடாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாண்டுக் காலம் முடிந்த பிறகு அவர்கள் வைத்திருப்பதற்குப் பேருக்குக்கூட ஒரு காரணம் இல்லை. அட்டஸ்டேஷனுக்கு ஒரிஜினல் தேவைப்படுவது உண்மைதான், ஆகவே அதையே காரணமாகச் சொல்லி, பொய் எதுவும் கலக்காமல், இப்போதே எழுத்தில் கேளுங்கள். 'என் சான்றிதழ்களைச் சான்றொப்பத்துக்காகத் திரும்பப் பெற விரும்புகிறேன்' என்று ஒரு வரி, கீழே சான்றிதழ்களின் பட்டியல். எந்தெந்தச் சான்றிதழை என்றைக்குக் கொடுத்தீர்கள் என்பதற்கு அன்றைக்கு ரசீது வாங்கியிருந்தால் அதன் நகலையும் வையுங்கள். ரசீது இல்லை என்றால் இந்தக் கடிதமும் அதற்கு வரும் பதிலுமே ரசீது. தர மறுத்தால் ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும், பெரும்பாலும் அந்த வாரமே கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் கோர்ட் இருக்கிறது.

கணக்கு முடிப்பதில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஒருவர் ராஜினாமா செய்து விலகினாலும் அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். '45 நாள் ஆகும், அடுத்த மாதம் வா' என்பதெல்லாம் பழைய பழக்கம். சவுதிக்கு ஏறிய பிறகு இங்கே அலைய உங்களுக்கு ஆள் கிடையாது, ஆகவே கடைசி நாளுக்கு முன்பே கணக்கை எழுதிக் கேளுங்கள். பி.எஃப்.பில் நீங்கள் விலகிய தேதியை மருத்துவமனை பதிவேற்றுகிறதா என்று பாருங்கள். அவர்கள் மறந்தாலும், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழிந்ததும் உங்கள் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) கணக்கில் நீங்களே பதிவு செய்யலாம். பி.எஃப். பணத்தை அவசரமாக எடுத்துச் செலவு செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். இந்த நாலேமுக்கால் வருடத்துக்கு ஸ்கீம் சர்டிபிகேட் (பென்ஷன் சேவைக் காலத்துக்கான சான்று) வாங்கி வைத்தால், திரும்பி வந்து இங்கே வேலை செய்யும்போது அதோடு சேர்ந்துகொள்ளும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று நண்பர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு பாண்டும் செல்லும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் பாண்டுக் காலத்துக்குள் இருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்னால் அந்தத் தாளை ஒருவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்தில் ஐ.டி. வேலைக்குப் போய்வரும் தம்பிகளுக்கு 90 நாள் நோட்டீஸ்கூட இருக்கும். புதிய கம்பெனி அந்தப் பணத்தைக் கட்டித் தருமா என்று ஆஃபர் லெட்டர் வாங்கும்போதே கேளுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே கையில் இல்லாதவர்கள் அதை எழுதிக் கேளுங்கள். 2025 நவம்பரிலிருந்து நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம்.

சகோதரி, நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியவை மூன்றுதான். ஆர்டரைப் படிப்பது, ஏஜென்சிக்கு மெயில் போடுவது, ஒரிஜினலை எழுத்தில் கேட்பது. ஆர்டரில் அந்த 'நிர்வாகம் சம்மதித்தால்' என்ற வால் இருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ராஜினாமாக் கடிதத்தின் வாசகத்தை அதற்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும், எழுதித் தருகிறேன்.